சைனஸ் அறுவை சிகிச்சையில் ரத்த அழுத்தத்தை இறக்க ரெமிஃபென்டானிலா, டெக்ஸ்மெடிடோமிடினா?

மூக்கினுள் செலுத்தும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சையில் சிறு ரத்தக் கசிவுகூடக் காட்சியை மறைத்துவிடும். பார்வை நரம்பும் மூளையின் அடித்தளமும் மிக அருகிலேயே இருப்பதால், சராசரி தமனி அழுத்தத்தை (ஒரு துடிப்பின் முழு நேரத்துக்குமான சராசரி ரத்த அழுத்தத்தை) 60 முதல் 70 மி.மீ. பாதரச அளவுக்கு வேண்டுமென்றே இறக்கிவைப்பதுண்டு. அப்போது மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா, நோயாளி தெளிவோடு விழிக்கிறாரா என்பவையே மருந்தைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்.

மயக்க மருந்தான புரோப்போஃபோலுடன் சேர்த்துச் செலுத்தப்படும் வலி மருந்தான ரெமிஃபென்டானில் இதயத் துடிப்பைத் தணித்து அழுத்தத்தை இறக்குகிறது. நிறுத்திய சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடுவதால், நோயாளி விரைவில் விழித்துக் கேள்விக்குப் பதில் சொல்கிறார். வலி அடக்கமும் அதே வேகத்தில் அகன்றுவிடுவதால் வேறு வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும்.

அமைதிப்படுத்தும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் விழிப்பு தாமதமாகும். துடிப்பு அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். ஆயினும் மூக்கில் பஞ்சு அடைத்திருக்க, மூச்சு முட்டுவதாக அஞ்சி அதைப் பிடுங்க முனையும் பதற்றத்தை இது தணிக்கிறது. நைட்ரோகிளிசரின் நாளங்களை விரித்துத் துடிப்பை ஏற்றிவிடுவதால், இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாகவே அதைக் கருதுவேன்.

எந்த மருந்தானாலும் அழுத்தத்தை எங்கே அளக்கிறோம் என்பது முக்கியம். தலையை உயர்த்திக் கிடத்தியிருக்கையில் மூளை கையைவிட 20 செ.மீ. மேலே இருந்தால், கைப்பட்டையில் 65 என்று தெரியும் அழுத்தம் மூளையில் ஏறத்தாழ 50 தான். விரலில் மாட்டிய கருவி 99 விழுக்காடு காட்டுவதும் தமனி ரத்தத்தின் செறிவை மட்டுமே சொல்லும். மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைச் சொல்லாது. மூளைத் திசுவின் ஆக்சிஜன் செறிவைக் காட்ட நெற்றியில் ஒட்டும் அகச்சிவப்பு உணரியின் அளவு, மயக்கத்துக்கு முன் இருந்ததிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். செயற்கைச் சுவாசம் மிகுந்து கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் மூளையின் ரத்த நாளங்கள் சுருங்கும் என்பதால், அழுத்தத்தோடு அதையும் சரிபார்க்க வேண்டும்.

இளம் வயதினருக்கு ரெமிஃபென்டானிலையே தேர்ந்தெடுப்பேன். நெடுநாள் ரத்தக் கொதிப்புள்ள முதியவருக்கு மருந்துத் தேர்வைவிட, அழுத்தத்தை அவருடைய வழக்கமான அளவிலிருந்து மிகவும் இறக்காமல் வைப்பதே பெரிது. அவர்களின் மூளை உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியது. அத்தகையவருக்கு முந்தைய நாளே நினைவாற்றல் சோதனை ஒன்றைச் செய்து குறித்துவைக்க வேண்டும். இல்லையேல், "அம்மா முன்போல் இல்லை" என்று மகள் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது.