குரல்வளையை எடுத்த பிறகு: வால்வா, மிஷினா, ஏப்பக் குரலா?

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் மூச்சு கழுத்துத் துளை வழியாகத்தான். அப்புறம் பேச மூன்று வழி. திருவையாறு பக்கம் விவசாயம் பார்க்கும் பெரியப்பாவுக்காக மூன்றையும் அலசினோம்.

குரலை மட்டும் பார்த்தால் வால்வுதான் முதல். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே துளை போட்டு சிலிக்கோன் வால்வு வைப்பார்கள். கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடினால் நுரையீரல் காற்று உள்ளே திரும்பிக் குரலாகிறது. ஒரே மூச்சில் நீளமாகப் பேசலாம். ஆனால் நாற்றங்காலில் நிற்பவருக்குக் கட்டைவிரல் முழுக்கச் சேறு! வால்வில் பூஞ்சையும் படியும்; அப்புறம் அது சரியாக மூடாமல், குடிப்பது மூச்சுக்குழலுக்குள் கசியும். சில மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். பெரியப்பாவுக்கு அது காபியில் தெரிந்தது. டபராவிலிருந்து ஒரு வாய் குடித்தார். உடனே இருமல், கழுத்துத் துணியில் பழுப்புக் கறை. போன ஆஸ்பத்திரியில் அந்த அளவு வால்வு இருப்பில்லை. நான்கு நாள் கெட்டிக் கூழ்தான். வால்வு கழன்றே விழுந்தால் நான்கு நாள் பொறுக்க முடியாது. வால்வு இருந்த துளை சுருங்கிவிடும், அன்றைக்கே ஓட வேண்டும். இறக்குமதி வால்வுக்குப் பல ஆயிரம் ஆகும். பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் 50 ரூபாய் விலையில் 'ஓம்' வால்வை உருவாக்கியிருக்கிறார். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மிஷின் என்பது அதிர்வு எழுப்பும் கைக்கருவி (எலக்ட்ரோலாரிங்ஸ்). அதைக் கழுத்தில் அழுத்தி வாயசைத்தால் போதும், சீக்கிரம் பழகிவிடும். ஏற்ற இறக்கம் கிடையாது; போர்செட் மோட்டார் பேசுவது போலிருக்கும். எல்லா ஒலியும் அதிர்வோடு வருவதால் 'பால்' என்றால் பஸ்ஸில் வரும் 'ப' கேட்கும். தமிழில் அதனால் அர்த்தம் கெடுவது குறைவு, ஆங்கிலத்தில்தான் தொல்லை. கதிர்வீச்சில் கழுத்து இறுகியவர்களுக்கு அதிர்வு உள்ளே இறங்காது. அவர்கள் மிஷினில் குழாய் மாட்டி, அதை வாயில் வைத்துப் பேசலாம்.

ஏப்பக் குரலுக்குக் காசு வேண்டாம், கையும் வேண்டாம். காற்றை உணவுக்குழலுக்குள் இழுத்து வெளியே விட்டுப் பேச வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி, பலருக்கு வருவதே இல்லை. சத்தமும் வரப்பைத் தாண்டாது.

என் கணக்கு இது: முதலில் மிஷின். வால்வு மாற்றும் ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரத்தில் இருந்தால் வால்வு. இல்லாவிட்டால் ஏப்பக் குரலோடு மல்லுக்கட்டலாம். பெரியப்பா வீட்டில் வால்வு, வயலில் ஏப்பம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

விழுங்கும் சிக்கல் மூன்றிலும் வரலாம். கதிர்வீச்சுக்குப் பின் தொண்டை சுருங்கினால் சோறு அடைக்கும்; குழைய வடித்து ரசம் ஊற்றினால் இறங்கும், அதுவும் நின்றால் டாக்டர் விரித்துவிடுவார். ஆற்றுக் குளியலும் மூன்றிலும் கிடையாது, கழுத்துத் துளையில் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான். ஆடிப்பெருக்கன்று பெரியப்பா படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து, சொம்பால் மொண்டு காலில் மட்டும் ஊற்றிக்கொண்டார்.