பிளாக் லிஸ்ட் மதிப்பெண்ணா, ஸ்கிரிப்ட் ஆலோசகரின் குறிப்பா?

ஸ்கிரிப்ட்டை ஏற்றினால் காசுக்குப் படித்து மதிப்பெண் போடும் பிளாக் லிஸ்ட் இணையதளத்துக்குப் போவதா, காசுக்குக் குறிப்பு எழுதித் தரும் ஆலோசகரிடம் போவதா? ஹாலிவுட்டைக் குறிவைத்துத் திரைக்கதை எழுதுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும்.

காசு: பிளாக் லிஸ்ட் தளம் 2012ல் தொடங்கியபோது ஸ்கிரிப்ட்டை வைத்திருக்க மாதம் 25 டாலர், ஒரு மதிப்பீட்டுக்கு 50 டாலர். இப்போது இரண்டுமே கூடிவிட்டன. ஆலோசகருக்கு ஒருமுறை கட்டும் தொகைதான், ஆனால் பெரும்பாலும் தளத்தைவிட அதிகம்.

கிடைப்பது: தளத்தில் 10க்கு மதிப்பெண், பலம், பலவீனம், விற்கும் வாய்ப்பு பற்றிச் சில பத்திகள். ஆலோசகரிடம் பல பக்கக் குறிப்பு. "நாயகிக்கு என்ன வேண்டும் என்பது 30ஆம் பக்கம் வரை தெரியவில்லை" என்று இடத்தையே காட்டுவார்.

சிக்கல்: தளத்தில் ஒரே ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளர் 5, இன்னொருவர் 7 போடுவது சகஜம். ஒற்றை மதிப்பெண்ணை நம்பித் திருத்த உட்காராதீர்கள். இரண்டு மதிப்பீடு வாங்கி, இருவரும் தடுக்கி விழுந்த சீனை முதலில் பாருங்கள். அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். தடுக்கிய இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆலோசகரோ காசு தருபவரிடம் கடுமையாகப் பேசத் தயங்கலாம். மாதிரிக் குறிப்பு ஒன்றை வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இரண்டாவது டிராஃப்டில் தவிப்பவருக்கு ஆலோசகர். ஐந்தாறு முறை திருத்தி முடித்தவருக்குத் தளம்: 8 வந்தால் தயாரிப்பாளர்கள் கண்ணில் பட வாய்ப்புண்டு. 6 வந்தால் மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டு மறுபடி எழுத உட்காருங்கள்.