வீட்டைக் காலி செய்யும்போது யார் சுத்தம் செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. குடும்பமாகச் சேர்ந்து தாமே தேய்த்துக் கழுவலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் தனிக் கூலி பேசி ஒப்படைக்கலாம். டீப் கிளீனிங் நிறுவனத்தை அழைக்கலாம். அல்லது, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடலாம்.

கடைசி வழிதான் மிகச் சுலபமாகத் தெரியும். அதுதான் நான்கிலும் மோசமானது. நீங்கள் கூலி கொடுத்தால் எவ்வளவு செலவானது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் கழித்தால் அவர் சொல்வதுதான் கணக்கு. லாரி கிளம்பிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், சாதாரணத் தேய்மானம் போக, குடிவந்தபோது வீடு இருந்த நிலையிலேயே திருப்பித் தரச் சொல்கிறது. எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் அடைப்பு, தண்ணீர் திறந்து மூடும் குழாய் (டேப்), சுவிட்ச் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. நம் ஊர் ஒப்பந்தங்களிலோ 'பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்ற வரி சர்வசாதாரணமாக இருக்கும். அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், சுவரில் ஒரு மணி நேரம்கூடச் செலவிடாதீர்கள். அதற்கான பணத்தை எப்படியும் கொடுக்கப்போகிறீர்கள். உழைப்பு முழுவதும் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகட்டும். அடுத்துக் குடிவருபவர்கள் பால் காய்ச்சப்போகும் இடம் என்பதால், வீட்டுக்காரரின் கண்ணும் முதலில் அடுப்பு மேடைக்குத்தான் போகும்.

நாமே செய்வதில் செலவு குறைவு என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: பொருளுக்குச் சேதம் வராது. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படியும் உப்புக்கறையைப் பாருங்கள். அவசரக்காரர்கள் அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவார்கள். கறை போகும், கூடவே குழாயின் பளபளப்பும், டைல்ஸ் இடுக்கின் சிமெண்டும் அரித்துப் போகும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கறை மாவாக உதிரும். இந்தப் பொறுமை சொந்தக் கைக்குத்தான் வரும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் வினிகரும் எலுமிச்சையும் படக்கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

ஆனால் சாமான் கட்டும் வாரத்தில், அலுவலகத்துக்கும் போய்க்கொண்டு, வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தாமே செய்ய நினைப்பது நடக்காத காரியம். அங்கேதான் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. வேலைக்கு வரும் அம்மா வீட்டின் மூலை முடுக்கு தெரிந்தவர், எந்தக் கறை எப்படிப் போகும் என்று அறிந்தவர். மாதச் சம்பளத்துக்குள் இதையும் அடக்கிவிடாமல், கூலியை முன்கூட்டியே பேசிக் கையில் கொடுங்கள். ஏணி ஏறி ஒட்டடை அடிக்கவோ, ஆசிட்டில் கைவைக்கவோ அவரைச் சொல்லாதீர்கள்.

டீப் கிளீனிங் நிறுவனத்தின் பலம் எண்ணெய்ப் பிசுக்கும் உயரமும். பல வருடத் தாளிப்பு படிந்த எக்ஸாஸ்ட் ஃபேன், உச்சியில் இருக்கும் லாஃப்ட், ஜன்னல் கம்பிகள், பால்கனித் தரை எல்லாவற்றையும் இயந்திரத்தோடும் ஏணியோடும் வந்து ஒரே நாளில் முடிப்பார்கள். மூன்று படுக்கையறை வீடென்றால் தயங்காமல் கூப்பிடலாம். சின்ன வீட்டுக்கு அது வீண் செலவு. அலமாரிகளின் உட்புறமும் சிம்னியும் தொகையில் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம் என்பார்கள். சிம்னியின் வலை அலுமினியம் என்றால் சலவை சோடா வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், வலை கறுத்துவிடும்.

இரண்டு படுக்கையறைவரை உள்ள வீட்டுக்கு நான் சொல்வது கலப்பு வழி: குழாய், அடுப்பு மேடை, ஸ்டிக்கர் கறை நம் கையில், கழுவித் துடைப்பது கூலிக்கு. ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். ஆணி ஓட்டைகளை மட்டும் வெள்ளைப் பட்டி (சுவர் ஓட்டை அடைக்கும் மாவு) வைத்து அடைக்காதீர்கள். நிறச் சுவரில் ஓட்டையைவிட அந்தப் பொட்டுதான் பளிச்சென்று தெரியும்.

சாமான் எல்லாம் வெளியேறிய பிறகு, மின்சாரமும் தண்ணீரும் இருக்கும்போதே வேலையை முடியுங்கள். பகல் வெளிச்சத்தில் வீட்டுக்காரரை அழைத்து அறை அறையாகக் காட்டுங்கள். கழிக்கும் தொகையை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சாவியைக் கொடுங்கள். கழித்ததுபோக மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு வந்துசேர வேண்டும் என்பது சட்டம்.