ஹகோனே, குசாட்சு, நியூதோ: ஒரே ஒரு இரவு என்றால் எங்கே தங்கலாம்?

ஊரிலிருந்து ஜப்பான் வருகிறவர்கள் டோக்கியோ, கியோத்தோ எல்லாம் முடிவு செய்துவிட்டு என்னிடம் கடைசியாகக் கேட்பது இதுதான்: "மலையில வெந்நீர் ஊற்று விடுதி ஒண்ணுல ஒரு ராத்திரி தங்கணும், எது நல்லா இருக்கும்?" கூடவே நாலைந்து படங்களும் அனுப்புவார்கள். எல்லாவற்றிலும் கோரைப்பாய் பதித்த அறை, தாழ்வான மேசை, ஜன்னலுக்கு வெளியே மரம். அறையை மட்டும் பார்த்தால் எல்லா ரியோகானும் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீரை.

ஏனென்றால் ஒன்சென் (வெந்நீர் ஊற்று) என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1948-ல் வந்த சட்டப்படி, பூமிக்கடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி சூடு இருந்தாலே போதும். அதுவும் இல்லையென்றால், குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று தேவையான அளவு இருந்தால் போதும், அது ஒன்சென்தான். அந்த நீரைச் சூடாக்கலாம், பச்சைத் தண்ணீர் கலக்கலாம், வடிகட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், கிருமிநாசினியும் போடலாம். இவற்றில் எதைச் செய்தாலும் எழுதி மாட்ட வேண்டும் என்பது 2005 முதல் விதி. உடை மாற்றும் அறைச் சுவரில் அந்த அறிவிப்பு இருக்கும். ஊற்று நீரை அப்படியே தொட்டியில் விழவிட்டு வழியவிடுவதற்கு 'கென்சென் காகெனகாஷி' என்று பெயர். அறையைப் பதிவு செய்யும் முன் இந்த ஒரு வார்த்தையைத் தேடுங்கள்.

தூரம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரியோகானில் அறைக்கு வாடகை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு உள்ளே விடுவார்கள், ஆறு மணி வாக்கில் சாப்பாடு, மறுநாள் பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். எட்டு மணிக்குப் போய் நின்றால் கொடுத்த காசில் பாதி போன மாதிரிதான்.

அந்தக் கணக்கில் ஹகோனேயை அடிக்க ஆளில்லை. டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்தில் ரொமான்ஸ் கார் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே யுமோத்தோ. அங்கிருந்து 1919-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில், முன்னும் பின்னுமாகத் திசை மாறி மாறி ஏறும். ஓவாகுதானியில் கந்தகப் புகைக்கு நடுவே வேகவைத்த கறுப்பு முட்டை, ஆஷி ஏரியில் படகு, வானம் தெளிந்தால் ஃபூஜி. பெரியவர்களைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். என் மாமியாரை நாங்கள் அங்கேதான் அழைத்துப் போனோம். எல்லோர் முன்னாலும் உடையில்லாமல் குளிப்பது அவருக்கு நடக்கிற காரியமில்லை. ஹகோனேயில் அறையோடு சேர்ந்த தனித்தொட்டியோ, ஒரு மணி நேரத்துக்குக் குடும்பத்துக்கு மட்டும் ஒதுக்கித் தரும் 'காஷிகிரி' தொட்டியோ எளிதாகக் கிடைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் குளித்தார்.

ஆனால் தண்ணீர்? ஹகோனேயில் பல வகை ஊற்றுகள் உண்டு, நல்லதும் உண்டு. கூட்டம் அதிகம், விலையும் அதிகம். தேடி எடுக்க வேண்டும். நாங்கள் தங்கிய இடத்தில் சுவரில் இருந்த அறிவிப்பை வாசித்தபோது சூடாக்கல், மறுசுழற்சி, குளோரின் மூன்றுமே இருந்தன. நீச்சல் குள வாடை. அத்தனை காசு கொடுத்துவிட்டு அதில் இறங்கியபோது மனசு ஆறவில்லை.

குசாட்சு அதற்கு நேர் எதிர். குன்மா மாநிலத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஷின்ஜுக்குவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் பிடிக்கும். ஊர் நடுவில் கோயில் தெப்பக்குளம் மாதிரி யுபாத்தாகே, 'வெந்நீர் வயல்'. கொதிநீர் ஆவி பறக்க மரக் கால்வாய்களில் வரிசையாக இறங்கிச் சூடு தணிகிறது. ஊரில் ஊறும் தண்ணீர் மொத்தம் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். புளிப்போ எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில். அமில அளவு (pH) 2.1 என்கிறார்கள். பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றினால் சத்து போய்விடும் என்று, ஆள் உயரப் பலகைகளைத் தொட்டிக்குள் விட்டுப் புரட்டிப் புரட்டிப் பாடிக்கொண்டே ஆற்றுவார்கள். அதற்கு யுமோமி என்று பெயர். அந்நாளில் ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகுன்களில் எட்டாமவர் யோஷிமுனே, இந்தத் தண்ணீரை பீப்பாயில் எதோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) வரவழைத்துக் குளித்தார். பின்னாளில் ஜப்பானில் மருத்துவம் கற்பித்த ஜெர்மன் மருத்துவர் பெல்ஸ் இதன் குணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் சொன்னார்.

நம் பெண்களுக்கு ஒரு விஷயம். கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மெட்டியைக் கழற்றுவது மனசுக்குச் சங்கடம் என்று நான் காலோடு இறங்கினேன். ஏறி வந்து துடைக்கும்போதே கறுத்துப் போயிருந்தது. கண்ணில் பட்டால் எரியும், கீறலில் பட்டால் சுருக்கென்னும். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு யுகாத்தாவை (விடுதியில் தரும் பருத்தி அங்கி) இழுத்துக் கட்டிக்கொண்டு (இடப்பக்கம் மேலே வர வேண்டும், மாற்றிக் கட்டினால் பிணத்துக்குக் கட்டுகிற முறை) பனிக்குளிரில் யுபாத்தாகேயைச் சுற்றி நடந்தேன். ஸ்வெட்டர் தேவைப்படவில்லை, உடம்பு உள்ளிருந்தே கணகணவென்று இருந்தது. ஷிராஹாதா நோ யு போன்ற ஊர்ப் பொதுக் குளியல் இடங்களில் காசு இல்லாமலே குளிக்கலாம். அதனால் குசாட்சுவில் சாதாரண விடுதியில் தங்கினாலும் நல்ல தண்ணீர் தப்பாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடுதான் பெரிய கேள்வி. ரியோகானில் சூப்பு, பொரியல், ஊறுகாய் என்று எதைத் தொட்டாலும் தாஷி இருக்கும். அது காய்ந்த மீனில் இறக்கிய சாறு. "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். பதிவு செய்யும்போதே 'மீன் தாஷியும் கூடாது, 'கொம்பு' என்ற கடற்பாசியில் இறக்கிய தாஷி பரவாயில்லை' என்று எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டவர் நிறைய வருவதால் ஹகோனேயில் ஒப்புக்கொள்ளும் இடங்கள் கிடைக்கும். குசாட்சுவில் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் சமாளிக்கலாம். நியூதோவில் வெளியே சாப்பாட்டுக் கடை என்று நம்பிப் போகாதீர்கள்.

அப்படியிருந்தும் எனக்கென்று ஓர் இரவு கொடுத்தால் நான் போவது நியூதோவுக்குத்தான்.

அகிதா மாநிலத்து மலைக்காட்டுக்குள் ஏழே ஏழு விடுதிகள். டோக்கியோவிலிருந்து கொமாச்சி ஷின்கான்செனில் (அதிவேக ரயில்) தாஸாவாகோ நிலையம் வரை மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மலைப் பாதையில் பஸ். ஒவ்வொரு விடுதிக்கும் தனித்தனி ஊற்று, தண்ணீரின் நிறமும் மணமும் வேறு வேறு. அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் விற்கும் சீட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அது கையில் இருந்தால் ஏழு இடத்திலும் குளிக்கலாம். விடுதிகளுக்கு இடையே ஓடும் வண்டியும் அதிலேயே சேர்த்தி. குளிர்காலத்தில் அவற்றில் குரோயு என்ற விடுதி மூடியிருக்கும். வயதானவர்கள் கூட இருந்தால் கட்டிலும் பஃபே சாப்பாடும் உள்ள கியூகாமுராவில் அறை எடுத்துக்கொண்டு மற்ற இடங்களுக்குக் குளிக்கப் போய் வரலாம்.

அந்த ஏழில் மூத்தது ட்சுருநோயு. காயம்பட்ட கொக்கு (ஜப்பானியத்தில் 'ட்சுரு') ஒன்று இந்த ஊற்றில் நின்று ஆற்றிக்கொண்டதை வேடன் ஒருவன் பார்த்தான் என்பது பெயர்க் கதை. அகிதாவின் இரண்டாம் பிரபு சாதாகே யோஷிதாகா 1638-ல் இங்கே வந்து தங்கினார். அவருடைய காவலர்கள் தங்கிய புல்கூரை வீட்டில்தான் இன்றும் நாம் படுக்கிறோம். அறை நடுவே கணப்பு அடுப்பு. கம்பியில் குத்திய ஆற்று மீன் அதன் ஓரத்தில் வெந்துகொண்டிருக்கும், மேலே சங்கிலியில் மலைக்கிழங்கு உருண்டை போட்ட குழம்புச் சட்டி. எனக்கு மீன் இல்லாமல் ஏற்பாடு செய்ய முன்கூட்டி எழுதியிருந்தேன். இருந்தும் அந்த இரவு நான் அதிகம் சாப்பிட்டது சோறும் காட்டுக் கீரையும்தான். சுவர் மெல்லியது, பக்கத்து அறை இருமல்கூடக் கேட்கும். வசதி பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

வெளித்தொட்டி ஆண், பெண் இருவருக்கும் பொது. பயப்பட வேண்டாம். பெண்கள் இறங்க மறைப்போடு தனி வழி இருக்கிறது, தண்ணீர் மோர் மாதிரி வெள்ளை, கழுத்தளவு அமர்ந்தால் எதுவும் தெரியாது. அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பெண்களுக்கு மட்டுமான திறந்த தொட்டியும் உண்டு. நான் விடியும் முன் இறங்கினேன். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பனி. கூழாங்கல் பரப்பிய தரையில் உட்கார்ந்ததும் தொடைக்குக் கீழே ஏதோ குறுகுறுத்தது. கையை விட்டுப் பார்த்தேன். கல் இடுக்கிலிருந்து சூடான குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கிருந்தோ குழாயில் கொண்டுவந்து ஊற்றிய நீர் இல்லை, ஊற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். தலைமுடி நுனியில் பனி உறைந்து நிற்க, அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை.

இங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பல மாதம் முன்பே கேட்டு வையுங்கள். பனிக்காலத்தில் காரை நம்ப வேண்டாம். பஸ்ஸில் அருபா கொமாகுசா நிறுத்தம் வரை போய்விட்டால், முன்பே சொல்லி வைத்தவர்களை விடுதி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்.