ஹாலஜனா, எல்இடியா? பல்பு வாங்கும் முன் ஒரு சின்ன உருளையைப் பாருங்கள்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டிப் போனபோதுதான், எங்கள் காரின் ஹெட்லைட் எவ்வளவு மங்கல் என்று உறைத்தது. லோ பீமில், அதாவது டிம்மில், நாலைந்து கார் நீளத்துக்கு மஞ்சளாகத் தெரிந்தது; அதற்கப்பால் புளியமரம் எது, நிற்கிற டிராக்டர் எது என்றே புரியவில்லை. ஊர் திரும்பியதும் நேராக எல்இடி மாட்டச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் இருந்த சின்ன உருளையைக் காட்டி, "சார், இது மூணுல கிடக்கே" என்றார். எட்டு வருஷமாக ஓட்டுகிறேன், அது எதற்கு என்று யோசித்ததே இல்லை. ஹெட்லைட்டின் உயரத்தை மாற்றும் உருளை அது. பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு தூக்கும், வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும். அதை இறக்கத்தான் 1, 2, 3 என்று எண்கள். எண் கூடக் கூட வெளிச்சம் தாழும். முன்சீட்டில் மட்டும் ஆள் இருந்தால் 0-தான் சரி. சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்தி உருளையைத் திருப்புங்கள். சுவரில் வெளிச்சக் கோடு ஏறி இறங்கவில்லை என்றால் உள்ளே மோட்டார் பழுதாக இருக்கலாம்.

அடுத்து அவர் பார்த்தது வோல்ட்டேஜ். எஞ்ஜின் ஓடும்போது பல்பு ஹோல்டரில் சுமார் 13 வோல்ட் வர வேண்டும். எர்த் ஒயர் துருப்பிடித்து அது 12-க்கு இறங்கினாலே வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். அப்புறம் கண்ணாடி, அதாவது வெயிலில் மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் மூடி. அதை பாலிஷ் போடாமல் எந்த பல்பு மாட்டினாலும் காசு வீண்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும். அங்கே நான்கு விதம் சொல்வார்கள்.

நம் ஊர் கார்கள் பலவற்றில் இருக்கும் எச்4 ரக, இழை எரியும் ஹாலஜன் பல்பு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. வெளிச்சத்தை அளக்கும் லூமன் கணக்கில் ஹை பீமில் சுமார் 1,650, லோ பீமில் 1,000 லூமன். அதே வாட்டில் இழையைக் கொஞ்சம் நெருக்கிக் கட்டிய உயர்ரக ஹாலஜன் முதல் விதம். ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம், ஹோல்டரும் உருகாது. ஆயுள் மட்டும் குறைவு. மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது; எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

இரண்டாவது 100/90 வாட். வெளிச்சம் அள்ளும், உண்மை. ஆனால் 5 ஆம்பியர் போன ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் போகும். ரிலே (அதிக கரன்ட்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) போட்டு தனி ஒயர் இழுக்காமல் மாட்டினால் ஹோல்டர் உருகும், பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர் கருகும். ரிலே போட்டாலும் சட்டப்படி செல்லாது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, ஹாலஜன் இருந்த இடத்தில் மாட்டும் எல்இடி. எல்இடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. பெட்டியில் 20,000 லூமன் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதைவிட, சிக்கல் வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது கிளம்பும் இடத்தில் இருக்கிறது. ஹாலஜன் ரிஃப்ளெக்டரின் வளைவு ஒரு மெல்லிய இழை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடியில் வெளிச்சம் தரும் சில்லு அந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சுவரில் தெரிகிற கோடு கலங்கிவிடும். ஓட்டுபவருக்குக் கிட்டத்தில் பளீர், தூரத்தில் ஒன்றுமில்லை, எதிரே வருபவருக்குக் கண்கூச்சம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியால் ரப்பர் மூடி சரியாக உட்காராமல் தூசியும் ஈரமும் உள்ளே போவது தனிக் கதை. கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்த ஹெட்லைட் வேறு. அதை இதோடு சேர்க்கக் கூடாது.

நான்காவது, பம்பரில் தாழ்வாக மாட்டும் ஃபாக் லைட். ஊட்டி, கொடைக்கானல் அடிக்கடி போகிறவர்களுக்கு இது பிரயோஜனம். சாலையோரமும் வளைவும் நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையில் தூரம் பார்க்க உதவாது.

கடைசியில் நான் வாங்கியது உயர்ரக ஹாலஜன் ஒரு ஜோடி. உருளையை 0-க்குத் திருப்பியதிலேயே பாதிப் பிரச்சினை போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் எல்இடி மாட்டியிருக்கிறார். போன மழையில் அவரோடு திண்டிவனத்திலிருந்து வந்தேன். நனைந்த தார்ச்சாலையில் வெள்ளைக்கோடுகூடச் சரியாகத் தெரியவில்லை, எதிரே வந்த லாரிகளெல்லாம் டிம் அடித்துக்கொண்டே போயின. "பாருங்க மாமா, நம்ம லைட் எவ்வளவு பவர்னு அவங்களுக்கே தெரியுது" என்றார்.