காசு ஓடின வழியா, ஆர் வெல்லுவது என்பதா: ‘ஸ்காம் 1992’உம் ‘பில்லியன்ஸ்’உம்

யாழ்ப்பாணத்தில் பங்குச்சந்தைத் தொடர் பார்ப்பவர்களின் அபிப்பிராயம் பெரும்பாலும் இரண்டு வகை: காசு எந்த வழியால் போனது என்று கேட்பவர்கள், ஆர் ஆரை விழுத்தினது என்று கேட்பவர்கள்.

முதல் வகையினருக்கு, இந்தியப் பங்குச்சந்தை மோசடி ஒன்றைப் பற்றி 2020இல் வந்த, 10 பகுதிகள் கொண்ட ‘ஸ்காம் 1992’ தொடர். அதில் பார்ப்பவர்கள் இடறும் இடம் வங்கி ரசீது. நகையை அடைவு வைக்கும்போது தரும் துண்டை நினைத்தால் விளங்கும். விற்கும் வங்கி அரசாங்கப் பத்திரத்தைக் கையில் தராமல் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கும். வாங்கும் வங்கி அதை நம்பிக் காசு கொடுக்கும். காசோலை இடையில் நின்ற தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கணக்குக்குப் போனதால் அவர் அதைப் பங்குகளில் கொட்டினார். ஏசிசி என்ற சீமெந்து நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 9,000 வரை ஏறியது. பெட்டகத்தில் நகையே இல்லாமல், அதாவது கையில் பத்திரமே இல்லாமல், சில சிறு வங்கிகள் துண்டு எழுதியதுதான் கடைசியில் பிடிபட்டது. இந்த ஓட்டத்தை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பத்திரிகையாளர் சுசேதா தலால் எதைத் துருவுகிறார் என்பதே பிடிபடாது.

அமெரிக்கத் தொடரான ‘பில்லியன்ஸ்’ (2016–2023) வேறு சரக்கு. ஏழு பருவங்களும் பெரும்பாலும் ஒரு முதலீட்டு நிதிய முதலாளிக்கும் அரசாங்க வழக்குத்தொடுநருக்கும் இடையிலான அதிகார இழுபறிதான். கணக்கு வழக்கு கண்மூடித் திறக்க முன் ஓடிவிடும். நிறுவனம் வெளியில் சொல்லாத உள்ளகத் தகவலை வைத்துப் பங்கு வாங்குவது குற்றம் என்பது தெரிந்தாலே பாதி விளங்கும். இடையிடையே இழுவை, உண்மை.

கொழும்புச் சந்தையில் பங்கு வாங்க சிடிஎஸ் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் பதிந்து வைக்கும் கணக்கு) திறக்க நினைப்பவர் முதலாவதையே பார்க்கட்டும்.