‘போலீஸ் ஒட்டுக்கேட்கிறதா?’: தர்மபுரியில் 600 ரூபாய்ப் பரிசோதனை

தர்மபுரி நான்கு ரோட்டுக்கு அருகே உள்ள ஒரு செல்போன் பழுதுபார்ப்புக் கடையின் கண்ணாடியில், ‘போலீஸ் உங்கள் போனை ஒட்டுக்கேட்கிறதா? அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தரப்படும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, என் மைத்துனரை அங்கே அழைத்துச் சென்றேன். வரப்புத் தகராறில் எதிர்த்தரப்பினர், ‘நீ பேசுவதெல்லாம் ஸ்டேஷனில் கேட்கிறது’ என்று மிரட்டியதிலிருந்து, பாப்பாரப்பட்டியில் இருக்கும் தங்கையிடம்கூட அவர் போனில் பேசுவதில்லை.

கடைக்காரர் *#62# என்று அழுத்தியதும் திரையில் முன்பின் தெரியாத ஓர் எண் தோன்றியது. ‘இதுதான் போலீஸ் லைன்’ என்ற அவர், அதைத் துண்டித்துத் தர மேலும் 1,500 ரூபாய் கேட்டார். நல்லவேளையாக என் போனிலும் அழுத்திப் பார்த்தேன். அதே எண் வந்தது. போன் அணைந்திருக்கும்போது வரும் அழைப்புகளைப் பின்னர் தெரிவிப்பதற்காக நிறுவனமே வைத்திருக்கும் எண் அது என்பதைச் சேவை மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டோம்.

சட்டப்படியான ஒட்டுக்கேட்பு நம் கைப்பேசிக்குள் நடப்பதில்லை. ஆணை கிடைத்ததும், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பகத்திலேயே பேச்சு நகலெடுக்கப்பட்டு விசாரணை அமைப்புக்குச் செல்கிறது. யார், யாருடன், எப்போது பேசினார் என்ற விவரங்கள் தனி வழியில் செல்கின்றன. ஆகவே பேச்சினிடையே கேட்கும் கரகரப்போ, பேட்டரிச் சூடோ அதற்கு அடையாளம் ஆகாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரராலும் அதைக் கண்டறிய இயலாது.

ஸ்டேஷனில் இருப்பவர் நினைத்தவுடன் தொடங்கிவிடக்கூடியதும் அன்று. 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படியும், 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளின்படியும் மாநிலக் காவல்துறைக்கு உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். அவசர நேரத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாமல், சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் கூறிய சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் பிறப்பிக்கப்பட்ட ஆணையையே ரத்து செய்தது. லஞ்ச வழக்குக்கே இந்த நிலை என்றால் வரப்புத் தகராறு எம்மாத்திரம்?

கடையைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். மைக் அனுமதி பெற்றிருந்த ஒரு கடன் செயலியைக் கண்டுபிடித்துப் பொறுமையாக நீக்கித் தந்தார்கள். அந்த வேலைக்கு 150 ரூபாய் தகும். பரிசோதனைக்குக் கொடுத்த 600 ரூபாயில் மீதியைத் திருப்பிக் கேட்டபோது 200 மட்டும் தந்தார்கள். கண்ணாடியில் அந்த அறிவிப்பு இன்னும் இருக்கிறது.